பாதத்தூளி மகாராஜாக்கள்

கப்பல் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டப் போகிறார்கள். உலகத்தின் மூலை முடுக்கில் இருந்தெல்லாம் ராஜாக்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த சமயம். இந்தக் கப்பலில் வந்தவர் மலாய் தீபகற்பத்தில் இருக்கும் பேராக் ராஜ்யத்தின் சுல்தான் இத்ரிஸ்.

கரையில் பேண்டு வாத்தியக்காரர்கள் தயார். ஒரு ராஜா இறங்கினால் அவர் நாட்டுப் பாட்டை வாசித்து வரவேற்க வேண்டும். அதுதான் மரியாதை. எனவே அதிகாரி ஒருவர் சுல்தானின் உதவியாளரிடம் வந்து விசாரித்தார். உங்கள் ராஜ்யத்தின் கீதம் எது? இசைக்குறிப்பு கையில் இருக்கிறதா?

உதவியாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் பேராக்குக்கு அப்படி ஒரு பாட்டே கிடையாது.

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அத்தனை பேர் முன்னால் ராஜாவின் மானம் போய்விடும். மனிதர் சமாளித்தார். ‘இசைக்குறிப்பைக் கொண்டுவர மறந்துவிட்டோம். வேண்டுமானால் மெட்டைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்’ என்று தனக்குத் தெரிந்த ஒரு மெட்டை முணுமுணுத்துக் காட்டினார். அடுத்த நிமிஷம் சுல்தானிடம் ஓடினார். ‘துவான்கூ, இந்த மெட்டு காதில் விழுந்தால் தயவுசெய்து எழுந்து நில்லுங்கள். அதுதான் நம் நாட்டுப் பாட்டு!’

மலேசியாவில் இந்தக் கதையைப் பல விதமாகச் சொல்கிறார்கள. உதவியாளரின் பெயர் மாறும். வருஷம் ஒன்றிரண்டு முன்னே பின்னே நகரும். முடிசூட்டு விழா நடந்தது 1902ல். ஆனால் மாறாத விஷயம் ஒன்று உண்டு. மெட்டை முணுமுணுத்தவர், பேராக்கின் முன்னாள் சுல்தான் அப்துல்லாவின் மகன்.

அந்த ‘முன்னாள்’தான் கதையே.

*

1874 ஜனவரி 20. பங்கோர் தீவில் ஓர் ஒப்பந்தம். பேராக்கில் பதவிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷார் உள்ளே புகுந்து, ‘நீதான் சுல்தான்’ என்று அப்துல்லாவுக்குப் பட்டம் கொடுத்தார்கள். பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனை. ரெசிடெண்ட் என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி கூடவே இருப்பார். மலாய் மதமும் மரபும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவரிடம் ஆலோசனை கேட்க வேண்டும். கேட்டபடி நடக்கவும் வேண்டும்.

ஆலோசனையாம்! உத்தரவுக்கு இப்படியும் ஒரு பெயர் வைக்கலாம் என்று அன்றைக்குத்தான் அப்துல்லாவுக்குத் தெரிந்திருக்கும்.

முதல் ரெசிடெண்டாக வந்தவர் ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச். இலங்கையில் இருபது வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்தவர். மலாய் மரபு பற்றி பெரிய அக்கறை கிடையாது. வரி வசூலைப் பிரபுக்களிடமிருந்து பிடுங்கினார். கடனுக்கு அடிமையாக இருக்கும் வழக்கத்தில் கை வைத்தார். அதில் நியாயம் இருந்தது. ஆனால் கை வைத்த விதத்தில் நிதானம் இல்லை. 1875 நவம்பர் 2ம் தேதி பாசிர் சாலாக் என்ற ஆற்றங்கரை கிராமத்தில், குளித்துக்கொண்டிருந்த இடத்திலேயே ஈட்டியால் குத்திக் கொன்றுவிட்டார்கள்.

பிரிட்டிஷார் சும்மா விடுவார்களா? படை வந்தது. மகாராஜா லேலா என்ற பிரபுவை 1877ல் தூக்கில் போட்டார்கள். சதியில் பங்கு உண்டு என்று சொல்லி சுல்தான் அப்துல்லாவைப் பதவியில் இருந்து இறக்கி, அதே வருஷம் நாடு கடத்தினார்கள். போன இடம், இந்தியப் பெருங்கடலின் நடுவே செஷல்ஸ் தீவுகள்.

மாஹே என்பது அங்கே பெரிய தீவு. ஆட்சி பிரிட்டனுடையது, ஜனங்கள் பேச்சிலும் பாட்டிலும் பிரெஞ்சு வாடை. அங்கே பேண்டு வாசிப்பார்கள். அடிக்கடி வாசிக்கப்பட்ட ஒரு மெட்டு, நாடு இழந்த அந்தக் குடும்பத்துக்கு ரொம்பப் பிடித்துப் போனது. ‘லா ரோசாலி’ என்ற பிரெஞ்சுப் பாட்டின் மெட்டு அது என்கிறார்கள். பியர் ழான் தெ பெராஞ்ஜே என்ற பாடலாசிரியரின் பெயரைச் சொல்வதும் உண்டு.

ராஜ்யம் போய்விட்டது. அரண்மனை போய்விட்டது. பாட்டு மட்டும் ஒட்டிக்கொண்டது. 1894ல் அப்துல்லாவை சிங்கப்பூர் வரை வர விட்டார்கள். பேராக்குக்குள் நுழைய அனுமதி இல்லை. சவுத்தாம்ப்டனில் மகன் அந்த மெட்டை முணுமுணுத்தபோது, அப்பா இன்னும் ஊர் திரும்பாத ராஜா. நாடு கடத்தியவர்களின் துறைமுகத்தில், அவர்களுடைய வாத்தியத்தில், அப்பாவின் சிறைவாசப் பாட்டு ராஜ மரியாதையாக ஒலித்தது. தெரிந்து செய்தாரா, வாய்க்கு வந்ததைப் பாடினாரா? அவருக்கே வெளிச்சம்.

*

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். அவ்வளவு பழைய ராஜ்யத்தில் ராஜாவுக்கென்று இசையே இல்லையா?

இருந்தது. பேஷாக இருந்தது. அதற்குப் பெயர் நொபாட். நம் ஊர் நவாப்புகள் அரண்மனையில் நௌபத் என்று முழங்குவார்களே, அதே பெயர்தான். பெரிய முரசு, சின்ன முரசு, நஃபிரி என்ற எக்காளம், செருனாய் என்ற குழல். ஷெனாயின் ஒன்றுவிட்ட தம்பி. பரம்பரை பரம்பரையாக ஒரே குடும்பத்து ஆட்கள்தான் வாசிப்பார்கள். நொபாட் முழங்காமல் பதவி ஏற்றால் அவர் முழு சுல்தான் இல்லை என்பது பழைய நம்பிக்கை. மலாயில் முடிசூட்டுவதற்கு ‘தபால்’ என்று ஒரு சொல் உண்டு. நம்ம போஸ்ட் ஆபீஸ் தபால் என்று நினைக்காதீர்கள். முரசு என்ற அரபுச் சொல்லில் இருந்து வந்தது. நமக்கு முடி சூட்டுவது. அவர்களுக்கு முரசு கொட்டுவது.

ஆக, முரசு இருந்தது. ‘நாட்டுப் பாட்டு’தான் இல்லை. ஐரோப்பா கொண்டுவந்த புதுப் பழக்கம் அது. கொடி, முத்திரை, பாட்டு மூன்றும் இருந்தால்தான் வெள்ளைக்காரன் உன்னை ராஜா என்று ஒப்புக்கொள்வான்.

பட்டப் பெயர் விஷயத்தில் மலாய் அரண்மனைக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது.

மலாய் சுல்தானைக் குறிப்பிடும்போது ‘டூலி யாங் மஹா மூலியா’ என்பார்கள். சிலாங்கூர் மாநிலத்தின் கீதத்துக்குத் தலைப்பே இதுதான். மஹா, நமக்குத் தெரிந்த மகா. மூலியா, விலைமதிப்பைச் சொல்லும் மூல்யம். யாங் என்பது மட்டும் மலாய். டூலி? தூளி. அதாவது தூசு.

மகா மேன்மை பொருந்தியவரின் தூசு! ராஜாவை நேரடியாகப் பார்த்துப் பேசும் தகுதி குடிமகனுக்குக் கிடையாது. அவர் காலடியில் ஒட்டியிருக்கும் தூசிடம்தான் பேச முடியும். இன்னும் பணிவு வேண்டுமென்றால் ‘க பாவா டூலி’ என்று ஆரம்பிப்பார்கள். அந்தத் தூசுக்கும் கீழே என்று அர்த்தம். கூடவே ‘ஸ்ரீ பாதுகா’ என்று ஒரு பட்டம். பாதுகா என்றால் பாதுகை. ராமனின் பாதுகையை பரதன் சிம்மாசனத்தில் வைத்த கதை நமக்குத் தெரியும். இங்கே பாதுகையே பட்டமாகிவிட்டது.

ராஜாவுக்கு ‘டிர்காஹாயு’ என்று வாழ்த்துச் சொல்வார்கள். தீர்க்காயுள். மகாராணி ‘பெர்மைசூரி’. பரமேஸ்வரி. மலாக்கா ராஜ்யத்தை 1400 வாக்கில் நிறுவியவரின் பெயர் பரமேஸ்வரா. அவர் வாரிசுகள் இஸ்லாத்துக்கு மாறி, சுல்தான், ஷா என்று அரபும் பாரசீகமுமாகப் பட்டம் சூட்டிக்கொண்டார்கள். பழைய சமஸ்கிருதச் சொற்களை யாரும் தூக்கிப் போடவில்லை. மேலே ஒரு வரிசை சேர்த்தார்கள், அவ்வளவுதான். ஒரு சுல்தானின் முழுப் பட்டத்தை நிதானமாக வாசித்தால் அந்தக் கடலில் எந்த நூற்றாண்டில் எந்தக் கப்பல் வந்தது என்று கணக்கு எடுத்துவிடலாம்.

நமக்கும் அதில் ஒரு வரி உண்டு. 1025ல் ராஜேந்திர சோழனின் கடற்படை அந்தப் பக்கம் போய் வந்தது. திரும்பி வந்ததும் அவன் சேர்த்துக்கொண்ட பட்டம், கடாரம் கொண்டான். அந்தக் கடாரம்தான் இன்றைய கெடா.

பட்டம் மட்டும் இல்லை, பேச்சும் தனி. ஊரார் சாப்பிட்டால் ‘மாகான்’. ராஜா சாப்பிட்டால் ‘சாந்தாப்’. ஊரார் தூங்கினால் ‘தீடூர்’. ராஜா தூங்கினால் ‘பெராடு’. ஊரார் செத்தால் ‘மாத்தி’. ராஜா செத்தால் ‘மங்காட்’. மலாக்காவின் பழைய சட்டத்தில் ஐந்து சொற்கள் அரச காரியத்துக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருந்தன. தீத்தா, பாத்திக், மூர்கா, கூர்னியா, அனுகெரா. கட்டளை, அடியேன், கோபம், கருணை, அனுக்கிரகம். கடைசி இரண்டும் உங்களுக்கே புரிந்திருக்கும். இந்தச் சொற்களை ராஜா சம்பந்தமில்லாத இடத்தில் பேசினால் தண்டனை. அதாவது ராஜாவுக்குத்தான் கோபம் வரலாம். மற்றவர்களுக்கு அந்தச் சொல்லே கிடையாது!

செத்த பிறகும் பட்டம் விடாது. இறந்த விதத்தையோ இடத்தையோ வைத்து ஒரு பெயர் சேரும். நம் சோழர் கல்வெட்டில் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ என்று சுந்தர சோழனைச் சொல்வது போல. 1699ல் ஜொகூர் சுல்தான் மஹ்மூத் ஷா, ஆட்கள் தோளில் சுமந்து போகும்போது குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவர் மெகாட் ஸ்ரீ ராமா என்ற பிரபு. அவருடைய கர்ப்பிணி மனைவி அரண்மனைத் தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றைத் தின்றதற்காக சுல்தான் அவளைக் கொன்றுவிட்டார், அதற்குப் பழி என்று ஜனங்கள் சொல்லும் கதை. செத்த சுல்தானுக்கு வரலாற்றில் நிலைத்த பெயர் ‘மங்காட் டிஜூலாங்’. தோளில் சுமக்கப்படும்போது மாண்டவர். கொலையைக்கூட மரியாதையாகச் சொல்லும் மொழி.

*

இந்தப் பட்டங்களால் என்ன பிரயோஜனம்? பி.காம். படித்த புத்திக்கு இப்படித்தான் கேட்கத் தோன்றுகிறது. கணக்குப் பதிவியலில் குட்வில் என்று ஒன்று சொல்லித் தருவார்கள். கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட முடியாது. ஆனால் சொத்துப் பட்டியலில் அதற்கும் ஒரு தொகை போட்டாக வேண்டும். பட்டமும் அந்த ஜாதிதான். மதிப்பு தெரிய வேண்டுமென்றால் ஜொகூர் அபூபக்கரைப் பார்க்க வேண்டும்.

1862ல் அவர் பதவிக்கு வந்தபோது வெறும் தெமெங்கோங். சுல்தானுக்குக் கீழே இருக்கும் ஒரு பிரபுப் பதவி. ஜொகூர் நிலம் அவர் கையில். பட்டம் மட்டும் ஒரு படி கீழே. 1866ல் இங்கிலாந்து போய் விக்டோரியா மகாராணியைச் சந்தித்தார். தெமெங்கோங் என்றால் அங்கே யாருக்குப் புரியும்? ஊருக்குத் திரும்பி, மரபு தெரிந்த ரியாவ் பெரியவர்களிடம் ஆள் அனுப்பி யோசனை கேட்டு, 1868ல் ‘மகாராஜா’ ஆனார். 1879ல் கீதமும் வந்தாயிற்று. மெட்டுப் போட்டவர் காலிஸ்தான் என்ற ஆர்மீனிய பேண்டு மாஸ்டர். 1885 டிசம்பரில் லண்டனில் ஒப்பந்தம் போட்டு பிரிட்டிஷாரை ‘சுல்தான்’ என்று ஒப்புக்கொள்ள வைத்தார். சண்டை இல்லை, ரத்தம் இல்லை. பதினேழு வருஷத்தில் இரண்டு பதவி உயர்வு.

அந்த வருஷம் லண்டனில் இன்னொரு காரியமும் நடந்திருக்கிறது. ‘ஆல்பர்ட் பேக்கர்’ என்ற பெயரில் ஒருவர் மிகெல் என்ற ஆங்கிலேயப் பெண்ணுடன் பழகினார். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்ததாகவும், பிறகு மீறிவிட்டதாகவும் அந்தப் பெண் வழக்குப் போட்டார். ஆல்பர்ட் பேக்கர் யார்? அபூபக்கர்தான். பெயரைச் சேர்த்து வேகமாகச் சொல்லிப் பாருங்கள்.

கோர்ட் என்ன செய்தது? காலனி இலாகாவைக் கேட்டது. அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. ஜொகூர் சுல்தான் சுதந்திரமான ஆட்சியாளர். முடிந்தது கதை. மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. சுதந்திர ராஜாவை, அவராகச் சம்மதித்தாலொழிய, இங்கிலாந்து கோர்ட்டில் நிறுத்த முடியாது. மாறு பெயரில் சாதாரண ஆளாக வாழ்ந்திருந்தாலும் சரி. 1894ம் வருஷத்து வழக்காக ‘மிகெல் எதிர் ஜொகூர் சுல்தான்’ சர்வதேச சட்டப் புத்தகங்களில் இடம் பிடித்துவிட்டது.

ஆல்பர்ட் பேக்கருக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. சுல்தான் என்ற ஒரே சொல் அவரைக் காப்பாற்றியது. வாக்கை நம்பிய பெண்ணுக்கு அந்தக் கோர்ட்டில் விசாரணைகூட கிடைக்கவில்லை.

*

1957. மலாயா விடுதலைக்குத் தயாரானது. ஒன்பது ராஜ்யங்கள், ஒன்பது மன்னர்கள். ஏழு பேர் சுல்தான். பெர்லிஸில் ராஜா. நெகிரி செம்பிலானில் ‘யாங் டி பெர்துவான் புசார்’. இவர்களில் யார் நாட்டுக்கு ராஜா?

அருமையான ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முறை வைத்து ஆளுவது. மன்னர்கள் கூடி, ரகசிய வாக்கெடுப்பில் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஐந்து வருஷம் அவர் நாட்டுக்கு மன்னர். அப்புறம் அடுத்தவர். புது பதவிக்குப் புது பட்டம் வேண்டுமே? ‘யாங் டி பெர்துவான் அகோங்’. தலைவராக ஆக்கப்பட்ட பெரியவர் என்று அர்த்தம். ‘ஆக்கப்பட்ட’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகள் அழகாக ‘மாமன்னர்’ என்று எழுதுகின்றன.

பட்டம் தயார். பாட்டு? மறுபடியும் சவுத்தாம்ப்டன் நிலைமை!

போட்டி வைத்தார்கள். உலகம் முழுவதிலும் இருந்து 514 மெட்டுகள் வந்தன. ஒன்றும் பிடிக்கவில்லை. பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன், ஜியான் கார்லோ மெனோட்டி போன்ற பெரிய தலைகளைக் கேட்டார்கள். பின்னாளில் சிங்கப்பூரின் தேசிய கீதத்துக்கு மெட்டமைத்த சுபிர் சாயித்தையும் கேட்டார்கள். அதுவும் சரிப்படவில்லை. கடைசியில் துங்கு அப்துல் ரஹ்மானும் குழுவினரும் மாநில கீதங்களைக் கேட்டுப் பார்த்தார்கள். 1957 ஆகஸ்ட் 5ம் தேதி, சுதந்திரத்துக்கு 26 நாள் இருக்கும்போது, ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பேராக்கின் மெட்டு. சவுத்தாம்ப்டனில் முணுமுணுக்கப்பட்ட அதே மெட்டு.

அதற்குள் அந்த மெட்டு ஊர் சுற்றியிருந்தது. ‘தெராங் புலான்’ என்ற காதல் பாட்டாக நாடக மேடைகளில் பிரபலமாகி, 1947ல் லண்டனில் ‘மமூலா மூன்’ என்ற ஹவாய் பாணி இசைத்தட்டாகக்கூட வந்துவிட்டது. நடன அரங்குகளில் ஜோடி ஜோடியாக ஆடிய மெட்டு. 1957 ஆகஸ்ட் 31ல் அதே மெட்டுக்கு நாடே எழுந்து நின்றது. ‘நெகாராகூ’. என் நாடு. 1992ல் யாருக்கோ வேகம் போதவில்லை என்று தோன்றி, ராணுவ நடைக்கு ஏற்ப வேகமாக்கினார்கள். ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. 2003ல் பழைய நிதானம் திரும்பி வந்தது.

*

பாட்டுக்கு இருந்த அதே நிதானம் பட்டத்துக்கு இருக்க முடியவில்லை. மிகெல் வழக்கில் பார்த்த பாதுகாப்பு, சுதந்திர மலேசியாவிலும் தொடர்ந்தது. மன்னர் மீது வழக்குப் போட முடியாது. 1992 கடைசியில் அதே ஜொகூரில் ஒரு ஹாக்கி பயிற்சியாளர், அரண்மனையில் தன்னை அடித்துவிட்டார்கள் என்று போலீஸில் புகார் கொடுத்தார். நாடே கொதித்தது. தூசுக்குக் கீழே நின்று பேச வேண்டியவன் புகார் கொடுக்கிறான்!

பிரதமர் மகாதீர் விடவில்லை. 1993ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, மன்னர்கள் செய்யும் சொந்தக் காரியங்களுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பை நீக்கினார்கள். அவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்க ஒரு சிறப்பு நீதிமன்றம் வந்தது.

அங்கே சீக்கிரமே ஒரு வழக்கு. சிங்கப்பூர்ப் பெண் ஒருவர் பகாங் சுல்தான் மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். 1996ல் தீர்ப்பு. வெளிநாட்டுப் பிரஜை இங்கே சுல்தான் மீது வழக்குப் போட முடியாது. நூறு வருஷத்துக்கு அப்புறமும் மிகெல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். 2008ல்தான் காட்சி மாறியது. ஒரு வங்கி தொடுத்த வழக்கில், நெகிரி செம்பிலான் மன்னர் 10 லட்சம் அமெரிக்க டாலர் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பிலும் மன்னருக்குப் பட்டம் உண்டு. பட்டத்தோடு பாக்கியும் உண்டு.

முறை வைத்து ஆளும் வழக்கம் நிற்கவில்லை. 2024 ஜனவரி 31ம் தேதி மாமன்னராகப் பதவியேற்றவர் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம். அபூபக்கரின் வம்சம்.

அது சரி, செஷல்ஸுக்குப் போன அப்துல்லா என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? 1922ல்தான் அவரை பேராக்குக்குத் திரும்ப விட்டார்கள். நாடு கடத்தி நாற்பத்தைந்து வருஷம் கழித்து. அந்த வருஷமே காலமானார். வீட்டில் முணுமுணுத்த தீவுப் பாட்டு அவர் ஊரில் மாநில கீதமாகியிருந்தது. நாட்டுக்கே கீதமாக இன்னும் முப்பத்தைந்து வருஷம் இருந்தது.